இருமினாலே கொரோனா என்றிருந்த நாட்களில் டிபி: ஒரு டர்பன் அனுபவம்

2020 குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் ஃப்ளூ காய்ச்சல் ஏறக்குறைய வரவே இல்லை. பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன, டாக்ஸி என்று இங்கே சொல்லும் மினிபஸ்களில் கூட்டம் இல்லை, எல்லார் முகத்திலும் மாஸ்க். அப்படியானால் டிபியும், அதாவது காசநோயும், குறைந்திருக்குமே, அதுவும் காற்றில்தானே பரவுகிறது என்று ஊரிலிருந்து போன் பேசுகிறவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். நான் குடியிருக்கும் வீட்டில் நடந்ததைப் பார்க்காமல் இருந்திருந்தால் நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் தூத்துக்குடிப் பக்கம். டர்பனில், சாட்ஸ்வொர்த்தை ஒட்டிய ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்னக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறேன். இங்கே அதை அவுட்பில்டிங் என்பார்கள். வீட்டுக்குப் பெரியவர் ஆயா. கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வம்சம். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் தமிழில் முழுசாகப் பேசுகிறவர்கள் இனி ஆயா வயதுக்காரர்கள்தான். என்னிடம் பேச்சுக் கொடுக்க அவருக்கு ஆசை. மகன், மருமகள், பேத்தி, பேரன் எல்லாரும் ஒரே வீடு. பேரன் அந்த வருஷம் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு.

மார்ச் 26 நள்ளிரவில் ஊரடங்கு தொடங்கியது. அதற்கு முந்தின நாள் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஆயாவின் இளைய மகன் வந்து சேர்ந்தார், பையனுக்குச் சித்தப்பா. வேலை பார்த்த ஓட்டல் மூடிவிட்டது, வாடகை கொடுக்க வழியில்லை. இரண்டு நாள் தாமதித்திருந்தால் மாகாண எல்லை தாண்டியிருக்க முடியாது. படுக்க இடம்? பையனின் அறையில் இன்னொரு மெத்தை போட்டார்கள். அப்படித்தான் பதினேழு வயதுப் பையனும் இருமிக்கொண்டிருந்த ஒரு மனிதரும் ஒரே அறையில் மாசக்கணக்கில் தூங்கினார்கள்.

இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. எடுத்துக்கொண்டார்கள், கொரோனாவோ என்று பயந்தார்கள். அவரோ சிகரெட்டைச் சொன்னார். அப்போது ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சிகரெட் விற்கவே இங்கே தடை. திருட்டுச் சந்தையில் கிடைத்த ஏதோ பெயர் தெரியாத சரக்கை ஊதிக்கொண்டிருந்தார். "இந்தக் குப்பைய இழுத்தா எவனுக்கும் தொண்டை அரிக்கும்மா" என்பார். ஜூலையில் முதல் அலை ஏறியபோது வற்புறுத்திக் கூட்டிப்போய்க் கொரோனா சோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. வீட்டில் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள், ஆயா சாமி விளக்கில் கற்பூரம் கொளுத்தினார். அன்றோடு இருமலைப் பற்றிய பேச்சே நின்றுபோனது.

இந்த இடத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். கொரோனா இல்லை என்று சொன்ன சோதனை, என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, சோதனை செய்த இடத்திலும் சொல்லவில்லை. அப்போதைய கிளினிக் வாசலை நினைத்தால் அதுவும் புரிகிறது. கேட்டுக்கு வெளியே நீள வரிசை. நெற்றியில் வெப்பமானி நீட்டுவார்கள், காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்பார்கள். இருமல் என்றால் தனிக் கூடாரம், மூக்கில் குச்சி, முடிவு வரும்வரை வீட்டில் அடைப்பு. இல்லை என்றால் உள்ளே விடுவார்கள். சர்க்கரை மாத்திரை வாங்கப் போனவர்கள் எல்லாம் தொண்டையைச் செருமி அடக்கிக்கொண்டு "இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனதை நானே பார்த்திருக்கிறேன். டிபியைக் கண்டுபிடிக்க நம்மிடம் உள்ள முதல் கேள்வியே இருமல் உண்டா என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஊரே பொய் சொல்லப் பழகிக்கொண்டது.

இது எங்கள் தெருக் கதை மட்டும் இல்லை. தேசியத் தொற்றுநோய்கள் நிறுவனத்தின் கணக்குப்படி, முதல் ஊரடங்கு வாரங்களில் நாட்டில் நடந்த ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைகள், அதாவது சளியில் டிபி கிருமி பார்க்கும் சோதனைகள், கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தன. உலகம் முழுக்கவும் அதே கதை: 2019இல் புதிதாக டிபி கண்டுபிடிக்கப்பட்டவர்கள் சுமார் 71 லட்சம், 2020இல் 58 லட்சம். நோய் குறைந்து எண்ணிக்கை இறங்கியிருந்தால் சாவும் இறங்கியிருக்க வேண்டும். பத்து வருஷத்துக்கும் மேலாக இறங்கிக்கொண்டிருந்த டிபி சாவு அந்த வருஷம் ஏறியது. பதிவேட்டில் வராத 13 லட்சம் பேரில் பெரும்பாலானோர் சித்தப்பாவைப் போல ஏதோ ஒரு அறையில் இருமிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

நவம்பரில் அவர் சளியில் ரத்தம் கண்டது. அதற்குள் பெல்ட்டில் புதிதாகத் துளை போட்டுக் கட்டும் அளவுக்கு இளைத்திருந்தார். சோதனை முடிவு இரண்டு நாளில் வந்தது, டிபி.

அப்புறம் வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவருக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி ஒதுக்கப்பட்டது. டம்ளரின் அடியில் ஆயா சிவப்பு நெயில்பாலிஷால் ஒரு பொட்டு வைத்தார், கலந்துவிடக் கூடாது என்று. துணி தனியாகத் துவைத்தார்கள். கதவுக் கைப்பிடியை, கொரோனாவுக்குச் செய்த மாதிரியே, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். ஆனால் அந்த அறை ஜன்னல் மூடியே இருந்தது. இந்த ஊரில் எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி உண்டு. திறந்தாலும் திருடன் வர முடியாது. இருந்தும் இருட்டினால் சாத்திக்கொள்வது பழக்கம். திரைச்சீலை வேறு.

டிபி தட்டில் ஒட்டாது, டம்ளரில் ஒட்டாது, கைகுலுக்கினால் வராது. நோயாளி இருமும்போது, பேசும்போது, பாடும்போது வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும். அதை மூச்சில் இழுத்தால்தான் தொற்று. காற்றோட்டம் இருந்தால் அது கலைந்து போகும். நான் ஆயாவிடம், "ஆயா, டம்ளர் எதானாலும் இருக்கட்டும், அந்த ஜன்னல மட்டும் ராத்திரி பகலா தொறந்து வையுங்க" என்றேன். "பனிக்காத்து அடிக்குமே தம்பி, நெஞ்சில சளி கட்டாதா?" என்றார். நவம்பர் டர்பனில் என்ன பனிக்காற்று! ஆனால் வயதானவர்களிடம் அதற்கு மேல் வாதாட முடியாது. பேத்திதான் கிளினிக் சிஸ்டரை விட்டே சொல்ல வைத்தாள். சிஸ்டர் சொன்னால் ஆயா கேட்பார்.

பையன் விஷயம். வீட்டில் எல்லாரையும் கேள்வி கேட்டார்கள்: இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு உண்டா? அவனுக்கு எதுவும் இல்லை. மெட்ரிக் பரீட்சை நடுவில் இருந்தான். சரி, தப்பித்தான் என்று விட்டுவிட்டார்கள். அன்றைய வழக்கப்படி தடுப்பு மாத்திரை முக்கியமாக ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும்தான்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. தொற்றுவது வேறு, நோயாவது வேறு. கிருமி உள்ளே போனவர்களில் பெரும்பாலானோருக்கு ஆயுசுக்கும் ஒன்றும் ஆகாது. பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் நோயாக மாறும். அப்படி மாறுவதும் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள். வயதும் கணக்கில் உண்டு. ஐந்திலிருந்து பத்து வயது வரை டிபி கொஞ்சம் அடங்கியிருக்கும். அதற்கு மேல், பருவம் வருகிற வயதில், ஆபத்து மளமளவென்று ஏறும். நுரையீரலில் குழி விழுகிற பெரியவர்கள் வகை டிபி அந்த வயதிலேயே வரும், அது அதிகமாகப் பரப்பும் வகை. பிறந்ததும் போட்ட பிசிஜி என்ற டிபி தடுப்பூசி இருக்கிறதே என்பார்கள். அது குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய டிபியிலிருந்து காக்கும். பதினேழு வயது நுரையீரலுக்கு அதை நம்ப முடியாது.

சாதாரணக் காலத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு டிபி எங்கே தொற்றும்? இந்த நாட்டில் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் என்று கேப்டவுன் பக்கம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வகுப்பறை, பதினைந்து பேரை அடைத்துப்போகும் டாக்ஸி, சர்ச், நண்பர்கள் கூடும் இடம். அந்த வகையில் ஊரடங்கு உண்மையிலேயே பெரிய கதவுகளைச் சாத்தியது. டாக்ஸியில் ஆள் குறைத்தார்கள், பிறகு முழு ஆள் ஏற்ற அனுமதித்தபோதும் இரண்டு பக்க ஜன்னலும் ஐந்து சென்டிமீட்டராவது திறந்திருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தக் காலத்தில் போட்ட விதிகளிலேயே டிபிக்கு உருப்படியான விதி அதுதான். பள்ளியில் பாதிப் பாதியாகப் பிள்ளைகள் வந்தார்கள், ஜன்னல் எல்லாம் திறப்பு. நான் அவ்வளவு காற்றோட்டமான வகுப்பில் அதற்கு முன் பாடம் நடத்தியதே இல்லை.

ஆனால் சந்திக்கும் ஆட்கள் குறைந்தாலும், குறைந்த அந்த ஆட்களோடு கழிக்கும் நேரம் கூடிப்போனது. கொரோனா சில நிமிஷத்தில்கூடத் தொற்றிவிடும். டிபி பொதுவாக நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரே காற்றை மணிக்கணக்கில், நாள்கணக்கில் பங்கு போட வேண்டும். வீட்டில் நோயாளி இல்லாத பிள்ளைக்கு ஊரடங்கு காவல். உள்ளேயே நோயாளி இருந்த பிள்ளைக்கு நேர் எதிர்.

பொடியன்கள் சும்மா இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. டர்பன் இந்திய இளைஞர்களுக்குத் தூனி சீட்டாட்டம் உயிர். அந்த ஜூலையில் இரவு ஒன்பது மணிக்கு மேல் வெளியே நடமாடத் தடை வந்தது. எங்கள் தெருவில் ஒரு கராஜில் சாயங்காலம் கூடுவார்கள், ஒன்பது ஆகிவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது, அதனால் விடியும்வரை அங்கேயே. போலீஸ் கண்ணில் படக் கூடாதென்று ஷட்டரை இறக்கிவிடுவார்கள். உள்ளே ஹப்ளி என்று இவர்கள் சொல்லும் ஹூக்காப் புகை. தடை இல்லாதிருந்தால் இரண்டு மணி நேரத்தில் கலைந்திருக்கும் கூட்டம் எட்டு மணி நேரம் ஒரே காற்றைச் சுவாசித்தது. சட்டம் போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பையன் பாஸ் பண்ணினான், 2021இல் கல்லூரி சேர்ந்தான், வகுப்பெல்லாம் லேப்டாப்பில். ஜூன் வாக்கில் களைப்பு. ராத்திரி பனியன் நனைகிற அளவுக்கு வியர்வை, அதுவும் குளிர்காலத்தில். வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான், சாப்பாடு இறங்கவில்லை, மனச்சோர்வு என்று அம்மா நினைத்தார். இருமல் பிறகுதான் வந்தது, அதுவும் லேசாக. போய்ப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தபோது ஜூலைக் கலவரம். மருந்துக்கடைகள் சூறையாடப்பட்டன, சாலைகள் மறிக்கப்பட்டன, தெருவுக்குத் தெரு ஆண்கள் இரவுக் காவல். அது ஓய்ந்து, ஆகஸ்டில்தான் கிளினிக் போனான்.

இந்த முறை நான் கூடப் போனேன். கொரோனா சோதனையோடு டிபி சோதனையும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டோம். வீட்டில் போன வருஷம் ஒருவருக்கு டிபி இருந்தது என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொன்னோம். அந்த ஒரு வாக்கியம் பேச்சையே மாற்றியது. சளி கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. எச்சில் பிரயோசனமில்லை. காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று தரம் ஆழ மூச்சிழுத்து, நெஞ்சடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். அதை வீட்டுக் குளியலறையில் செய்யக் கூடாது, திறந்த வெளியில்தான். பையன் கட்டடத்துக்குப் பின்னால் வேலியோரம் நின்று இருமிக்கொண்டிருந்தான். வெட்கத்தில் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "சார், நீங்க அந்தப் பக்கம் போங்க" என்றான், போனேன்.

முடிவு: டிபி உண்டு, வழக்கமான மருந்துக்குக் கேட்கும் வகை. சித்தப்பாவிடமிருந்தா, கராஜிலிருந்தா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாசக்கணக்கில் ஒரே அறை என்பதால் என் சந்தேகம் அறைமீதுதான். ஆனால் கராஜ் நண்பர்களும் சோதித்துக்கொள்ள வேண்டியவர்கள்தானே. கிளினிக் படிவத்தில் வீட்டில் உள்ளவர்கள் பெயரைத்தான் வரிசையாகக் கேட்டார்கள். நண்பர்களைப் பற்றி நாமே சொன்னால்தான் உண்டு. அவன் சொல்ல மறுத்தான். கொரோனா வந்தபோது வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போட்ட பையன்கள்தான் இவர்கள். டிபி என்றால் வாயைத் திறக்க மாட்டார்கள். வீட்டிலும் சொந்தக்காரர்களிடம் நிமோனியா என்றுதான் சொல்லியிருந்தார்கள். கடைசியில் தங்கைதான் ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினாள். ஒருவன் திட்டினான், மற்றவர்கள் போனார்கள். ஒருவனுக்கும் நோய் இல்லை.

எச்ஐவி சோதனையும் செய்ய வேண்டும் என்றதும் ஆயா கொதித்துப்போனார். "எம் பேரனப் பாத்து அதக் கேக்கறாங்களா?" டிபி என்று வந்தால் யாராக இருந்தாலும் செய்வார்கள், நடத்தைமேல் சந்தேகம் ஒன்றும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் சிகிச்சைத் திட்டம் மாறும், அதற்காகத்தான். இதை வீட்டுப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

மாத்திரை ஆறு மாசம். முதல் இரண்டு மாசம் நான்கு மருந்து சேர்ந்தது, அடுத்த நான்கு மாசம் இரண்டு. அரசு கிளினிக்கில் இலவசம். முதல் வாரமே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதும் பையன் அரண்டுவிட்டான். ரிஃபாம்பிசின் செய்கிற வேலை அது, பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியவை வேறு: கண் மஞ்சளானால், பார்வை மங்கினால், விடாமல் வாந்தி வந்தால் அன்றைக்கே கிளினிக். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் ரிஃபாம்பிசின் அதைச் செயலிழக்கச் செய்யும் என்று தெரிந்துகொள்ள வேண்டும், கேட்க வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

நடுவில் புரட்டாசி வந்தது. இந்த ஊர்த் தமிழர்கள் புரட்டாசியை நம்மூரைவிடக் கறாராகப் பிடிப்பார்கள், வீட்டுக்குள் முட்டைகூட வராது. சிஸ்டரோ பையனுக்குச் சத்தாகக் கொடு என்கிறார். ஆயா விடவில்லை. தினமும் பருப்பு, சுகர் பீன்ஸ் கறி, தயிர், வேர்க்கடலை என்று அடுக்கிவிட்டார். மாசக் கடைசியில் எடை ஏறியிருந்தது. ஆயா வெற்றிச் சிரிப்போடு சிஸ்டரைப் பார்த்தார்.

கஷ்டமான கட்டம் மூன்றாவது மாசம். உடம்பு தேறிவிட்டது, இருமல் போயே போய்விட்டது, எதற்கு இன்னும் மாத்திரை என்று தோன்றும். இளவட்டங்கள் நின்றுபோவது இங்கேதான். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத டிபியாக மாறலாம். இந்த மாகாணத்துக்கு அது கதை இல்லை. 2005, 2006 வாக்கில் துகேலா ஃபெரி என்ற ஊரில் எக்ஸ்டிஆர் டிபி, அதாவது பல மருந்துகளுக்கும் அடங்காத டிபி, வந்த 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். அதையெல்லாம் சொல்லி அவனைப் பயமுறுத்தி ஒன்றும் நடக்கவில்லை. தங்கை போனில் அலாரம் வைத்து, அவன் விழுங்குவதை நின்று பார்த்தாள், அது நடந்தது. இரண்டு வாரம் ஒழுங்காக மருந்து போனதும் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் கல்லூரியிலும் யாரும் அவனை ஒதுக்கத் தேவையிருக்கவில்லை. கிளினிக்கில் அப்படி ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டோம். 2022 பிப்ரவரியில் முடித்தான்.

அதே பிப்ரவரியில் பள்ளிகளில் பாதி வகுப்பு முறையும் முடிந்தது. எல்லாரும் திரும்பி வந்தார்கள், ஒரு வகுப்பில் நாற்பதுக்கு மேல். ஜூனில் மாஸ்க் விதியும் போனது. குளிர் வந்ததும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. நான் கரியமில வாயு அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி மேசையில் வைத்தேன். பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு என்ற கணக்கில், வெளிக்காற்றில் 400ஐ ஒட்டிக் காட்டும். ஜன்னல் மூடிய வகுப்பில் பாடம் முடிவதற்குள் 2000ஐத் தாண்டியது. அடுத்தவன் விட்ட மூச்சை எவ்வளவு இழுக்கிறோம் என்பதற்கு அது ஒரு அளவு. பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகப் போனது. எண் ஏறினால் யாராவது எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார்கள். அறிவுரை செய்யாத வேலையை அந்த எண் செய்தது. டாக்ஸி ஐந்து சென்டிமீட்டரை இப்போது யாரும் அளப்பதில்லை, ஜன்னலோர இடம் கிடைத்தால் நீங்களே திறந்துகொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று. 2021இல் வெளியான இந்த நாட்டின் முதல் தேசிய டிபி கணக்கெடுப்பு பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் லட்சத்துக்கு 852 பேருக்கு டிபி என்றது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இருமலோ காய்ச்சலோ எதுவும் இல்லை, எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. பையனை முதல் தடவை கேள்வி மட்டும் கேட்டு அனுப்பினார்களே, அதன் குறை இதில் விளங்கும். வீட்டில் ஒருவருக்கு டிபி என்றால் மற்றவர்களுக்கு எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். 2023இல் தடுப்பு மருந்து விதியும் மாறிவிட்டது: நோயாளியோடு நெருங்கியிருந்த எந்த வயதினருக்கும், நோய் இல்லை என்று உறுதியானபின், தரலாம். வாரம் ஒரு தடவை வீதம் பன்னிரண்டு வாரத்தில் முடியும் முறையும் வந்திருக்கிறது. அவர்களாக எடுத்துச் சொல்வது கிளினிக்குக்கு கிளினிக் மாறுகிறது. அதனால் கூட இருந்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று நீங்களே கேளுங்கள், கராஜ் கூட்டாளிகளையும் சேர்த்து.